ஃபிளாப்பிக்கு வைத்த பொட்டு

“...செருப்பக் கழட்டச் சொன்னது நீயி. நானா சொன்னேன்? கழட்டிட்டு உள்ள வான்னா அது சாமிதான நைனா? சாமிக்குப் பொட்டு வெச்சா இன்னா தப்பு?”

லேத் பட்டறைக்காரர் இப்படிக் கேட்டபோது ஃபிளாப்பி என் கையில் இருந்தது. அதை அவர் மேலேயே விட்டெறியலாமா என்று வந்தது. இதை எழுதும்போதுகூட அந்தக் கோபம் முழுசாக ஆறவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், மண்ணூர்பேட்டையில், அவர் பட்டறையை ஒட்டிய அறையில் நாங்கள் ஒரு கம்ப்யூட்டர் மியூசியம் நடத்தினோம். நடத்தினோம் என்றால், ஞாயிற்றுக்கிழமை பூட்டைத் திறந்து, பெருக்கிவிட்டு, யாராவது வருவார்களா என்று உட்கார்ந்திருப்போம். நான் டிவி ரிப்பேர்க்காரன். கம்ப்யூட்டரைப் பிரித்துப் பார்த்தே தெரிந்துகொண்டவன். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ஓர் அக்கா வருவார். ஒரு காலத்தில் கம்ப்யூட்டருக்காக அட்டையில் துளை போடும் வேலை பார்த்தவர். அறையைப் பட்டறைக்காரர் சும்மாவே கொடுத்திருந்தார். பக்கத்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனிகள் வேண்டாமென்று கழித்த மெஷின்களை அங்கே கொண்டுவந்து அடுக்கினோம்.

அத்தனையிலும் ஓடுகிற மெஷின் ஒன்றே ஒன்று. அதற்குரிய ஃபிளாப்பியைச் செருகினால்தான் அதற்கு உயிர் வரும். தூசி ஆகாது என்பதால் வாசலிலேயே செருப்பை விடச் சொல்வோம். “மெஷினா இது, புது மாப்ள. செருப்போட வராதன்றான், வெத்தல போடாதன்றான், தனியா ஃபேன் கேக்குறான்” என்பார் பட்டறைக்காரர். அவர் பேச்சைக் கேட்பதற்காகவே நான் ஒரு மணி நேரம் முன்னாடி போய்விடுவேன். அன்றைக்கு அந்தப் பேச்சே எரிச்சலாக இருந்தது.

அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. லேத், டிரில், ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவர், கிண்ணத்தோடு எங்கள் அறைக்கும் வந்திருக்கிறார். மெஷினின் நெற்றியில் வைத்ததோடு விட்டிருந்தால் துடைத்துப் போட்டிருப்பேன். ஃபிளாப்பிகளையும் ஒவ்வொன்றாகக் காகித உறையிலிருந்து உருவியிருக்கிறார். அப்பளம் அகலத்துக்குக் கறுப்புச் சதுரம். அதில் நீளவாக்கில் ஒரு ஓட்டை. உள்ளே பழுப்புத் தகடு பளபளக்கும். மெஷின் படிப்பது அந்த இடத்தைத்தான். அவருக்கோ பொட்டு வைக்கவென்றே விட்ட இடமாகத் தெரிந்திருக்கிறது. சந்தனத்தைக் குழைத்து, நடுவில் குங்குமம். ஒன்றையும் விடவில்லை.

அன்றைக்கு விஜயதசமி. பட்டறையில் மெஷின்களை மறுபடி ஓட்டிவிட்டார்கள். எங்கள் மெஷினைப் பார்க்க மத்தியானம் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் வருவதாக இருந்தது. அவர்கள் முன்னால் செத்த பெட்டியைக் காட்டுவதா?

“தொடச்சா போச்சு” என்று லுங்கி முனையை எடுத்தார் பட்டறைக்காரர்.

“தொடாதீங்கண்ணே” என்று அக்கா ஃபிளாப்பியைப் பிடுங்கிக்கொண்டார். “காஞ்சு பிடிச்சிடுச்சு. தேய்ச்சா தகடே கீறிப் போவும்.”

“உங்க லேத்துல மண்ண அள்ளிப் போட்டா சும்மா இருப்பீங்களா?” என்று நான் கத்தினேன்.

“மண்ணும் சந்தனமும் உனுக்கு ஒண்ணா?”

“மெஷினுக்கு ஒண்ணுதான். யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?”

“என் ரூமுக்கு யாரைக் கேக்கணும்?”

“அப்ப நீங்களே வெச்சுக்குங்க. எல்லாத்தையும் இன்னிக்கே ஏத்திட்டுப் போறேன்.”

சொல்லிவிட்டேனே தவிர, ஏற்றிக்கொண்டு போக எனக்கு வேறு இடமில்லை. அது அவருக்கும் தெரியும்.

அக்காதான் பேசினார். “கம்பெனில இந்த மெஷின ஓட்டிட்டிருந்த கணக்கு சார் வேப்பம்பட்டுலதான் இருக்காரு. அவர்ட்ட இன்னொரு காப்பி கெடந்தாலும் கெடக்கும். தெரியல.”

பட்டறைக்காரர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. வெளியே போய் ஆணியில் தொங்கிய சட்டையை மாட்டினார். மாலை சுற்றியிருந்த மொபெட்டைத் தள்ளிவந்து மிதித்துக் கிளப்பினார். சீட்டில் முன்னால் நகர்ந்து, பின்னால் ஓர் ஆளுக்கு இடம் விட்டு, ரோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.