பீடத்துணியும் கலத்துக்கு ஒரு படியும்

போதகருக்கு வாரத்தில் ஒருநாள்தான் வேலை என்று நினைப்பவர்கள், தேர்தல் மாதத்தில் ஒரு சபையை நடத்திப் பார்க்க வேண்டும். சபை நடத்தும் சகோதரர்களே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அப்போது எனக்கு நன்னிலம் பக்கம் ஒரு சிறிய சபை. அறுபத்தேழில் ஆட்சி மாறிச் சில வருஷமே ஆகியிருந்தது. கோயிலில் முன்வரிசை பெஞ்சு மூப்பர் வேதமாணிக்கம் குடும்பத்துக்கு. ஊர் வயலில் பாதி அவருடையது. பின்னால் பாயில் உட்காருகிறவர்கள், அதே வயலில் நடவும் அறுப்பும் செய்கிறவர்கள். அவர்களுக்காக முன்னால் நின்று பேசுகிறவர், அவர்களில் ஒருவரான எஸ்தர்.

அந்த வருஷம் இரண்டாம் போகமான தாளடி அறுப்பும் தேர்தலும் ஒன்றாக வந்து சேர்ந்தன. அறுத்து அளக்கிற ஒவ்வொரு கலம் நெல்லுக்கும் ஒரு படி கூலி கூட வேண்டும் என்று எஸ்தர் கேட்டிருந்தார். வெளியூர் ஆளை இறக்கி அறுத்துக்கொள்கிறேன் என்று மூப்பர் சொல்லியிருந்தார். பக்கத்து ஊர்களில் இதே பேச்சு அடிதடியில் முடிந்திருந்தது. எங்கள் சபையில் திருவிருந்து அன்று இரண்டு தரப்பும் ஒரே பாத்திரத்தில் வாய் வைத்துக் குடிப்பார்கள். அது நின்றுபோகுமோ என்ற பயத்தில் எனக்குப் பாதி ராத்திரி தூக்கமில்லை.

சிவப்புத் துணி

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் பீடத்துக்கு ஊதாத் துணி விரிக்க வேண்டும். எங்கள் ஊதாத் துணியைக் கரையான் தின்றிருந்தது. அலமாரியில் பெந்தெகொஸ்தே பண்டிகைக்கு உள்ள சிவப்பு இருந்தது. துணிதானே என்று அதை விரித்தேன். கூலிச் சங்கத்துக்காரர்கள் தெருவெல்லாம் சிவப்புக் கொடி நட்டிருந்தது என் மண்டையில் ஏறவே இல்லை. ஆராதனை முடிந்ததும் மூப்பர் என்னைத் தனியாக அழைத்தார். பீடத்துக்கும் கொடி ஏற்றியாகிவிட்டதா என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு வெள்ளையை விரித்தேன். மூப்பர் முகம் தெளிந்தது. அப்பாடா என்று வாசலில் நின்று ஒவ்வொருவராக வழியனுப்பிக்கொண்டிருந்தேன். எஸ்தர் என் அருகில் வந்ததும் நின்றார். குரலை உயர்த்தாமல் கேட்டார்: "சிவப்பை எடுத்தது யாருக்குப் பயந்துங்க, ஐயா?"

நடுவில் வந்தவர்

ஒரு ஞாயிறு ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு வேட்பாளர் தோளில் துண்டும் கழுத்தில் மாலையுமாக உள்ளே வந்துவிட்டார். மேடைக்கு மேடை பகுத்தறிவு பேசுகிறவர். இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறேன் என்று நேரே பிரசங்க மேடையைப் பார்த்து நடந்தார். இவரைப் பேச விட்டால் நாளைக்கு எதிர்க்கட்சிக்காரர் வருவார். விடாவிட்டால் நான் எதிர்க்கட்சிக்காரன் என்று ஊர் சொல்லும். இங்கே பேச இடமில்லை, உட்கார்ந்து கேட்க இடமிருக்கிறது என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

மனுஷன் பேசாமல் பாயில் உட்கார்ந்தார். எனக்குத்தான் பதற்றத்தில் பிரசங்கத்தை எங்கே முடிப்பது என்று தெரியவில்லை. போய்க்கொண்டே இருந்தது. கடைசிவரை கேட்டார், பாவம். போகும்போது கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "கடவுள் மேல எனக்கு நம்பிக்கை கிடையாதுங்க. உங்க சபை மேல ரொம்ப நம்பிக்கை."

பெஞ்சு ஒரு குரல், பாய் ஒரு குரல்

காணிக்கையோடு ஜெபச் சீட்டு வைப்பது எங்கள் சபை வழக்கம். மகள் பிரசவம், மாட்டுக்குச் சீக்கு என்று என்ன வேண்டுமானாலும் எழுதலாம். நான் உரக்க வாசிக்க வேண்டும். எல்லோரும் சேர்ந்து, "கர்த்தாவே, எங்கள் ஜெபத்தைக் கேட்டருளும்" என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு மூப்பர் வைத்த சீட்டில், இன்னார் தேர்தலில் ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது. எஸ்தர் ஆட்கள் வைத்த சீட்டில் எதிராளி ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது.

வைத்த சீட்டை வாசிக்காமல் விட முடியாது. வாசித்தேன். முதல் சீட்டுக்குப் பெஞ்சு மட்டும் பதில் சொன்னது, பாய் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவதற்குப் பாய் மட்டும் சொன்னது. ஒரே கோயிலுக்குள் இரண்டு சபை இருப்பதை என் காதாலேயே கேட்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினேன். அவள் குழம்பைத் தாளித்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு பேரையும் ஜெயிக்க வைக்கச் சொன்னா ஆண்டவர்தான் என்னங்க பண்ணுவார்?"

வேப்பமரத்தடி

அவள் கேட்டதையே யோசித்துக்கொண்டிருந்தேன். மறு ஞாயிறு ஒரு விதி சொன்னேன். சீட்டில் வேட்பாளர் பெயர் வேண்டாம். உங்களுக்கு என்ன நடக்க வேண்டுமோ அதை எழுதுங்கள். யார் எழுதினாலும் எல்லோரும் பதில் சொல்ல வேண்டும். சொல்ல மனம் வராதவர், ஏன் வரவில்லை என்பதை எழுதியவரிடமே வெளியே வேப்பமரத்தடியில் சொல்லிவிட வேண்டும். சொல்லும்போது பெருமையாக இருந்தது. இறங்கி வரும்போது, எதற்கடா இந்த வேலை என்று இருந்தது.

தேர்தலுக்கு முந்தின ஞாயிறு. திருவிருந்தும் அன்றுதான். மூப்பர் சீட்டை எடுத்தேன்: நெற்களத்தில் கலகமில்லாமல் அறுப்பு முடிய வேண்டும். பாயிலிருந்து முதலில் எஸ்தரின் குரல் கேட்டது. பின்னாலேயே எல்லோரும் சொன்னார்கள். அடுத்தது எஸ்தரின் சீட்டு: கலத்துக்கு ஒரு படி கூடக் கிடைக்க வேண்டும். பாய் பதில் சொன்னது. பெஞ்சு சொல்லவில்லை. மூப்பர் எழுந்து போய்விட்டால் நாளைக்கு வெளியூர் ஆள் இறங்குவான், அதற்கப்புறம் என்ன நடக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. என் வேட்டி நனையாததுதான் குறை.

அவர் எழுந்து போகவில்லை. எல்லோரும் வந்து போன பிறகு, வழக்கத்துக்கு மாறாகக் கடைசியாகத் திருவிருந்துப் பந்திக்கு வந்தார். எஸ்தர் வாய் வைத்த பாத்திரத்தில் குடித்தார். ஆராதனை முடிந்ததும் நேரே வேப்பமரத்தடிக்குப் போனார். எஸ்தரும் போனார். நான் சாட்சிக்கு நிற்பவன்போல் நடுவில் நின்றேன். கட்டுபடியாகாத கணக்கையெல்லாம் மூப்பர் சொன்னார். கடைசியில், இந்த ஜெபத்துக்கு நான் பதில் சொல்ல முடியாது, ஆண்டவர்தான் சொல்ல வேண்டும் என்று முடித்தார்.

எஸ்தர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்: "ஆண்டவர் களத்துக்கு வர்றதில்லீங்களே, மூப்பரய்யா. நெல்லு அளக்குற மரக்கா உங்க கையிலதானே இருக்கு."

வெளியூர் ஆள் இறங்கவில்லை. ஒரு படி கேட்ட இடத்தில் மூப்பர் அரைப்படி கூட அளந்து கொடுத்தார். அந்தத் தேர்தலில் ஜெயித்தவர் நான் மாற்றலாகிப் போகும்வரை எங்கள் ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, அரைப்படி மட்டும் ஒவ்வோர் அறுப்புக்கும் தவறாமல் வந்துகொண்டிருந்தது.