தகப்பனின் ஊருக்கே விளையாடலாம்

உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நடந்த மாதத்தில், என்னோடு வேலை செய்யும் பிரையன் திங்கட்கிழமை ஒரு நாட்டின் ஜேர்சி போட்டுக்கொண்டு வந்தான். வியாழக்கிழமை இன்னொரு நாட்டினுடையது. ஏன் மாறினாய் என்று கேட்டேன். "அவர்கள்தான் தோற்றுவிட்டார்களே" என்று சிரித்தான். அமெரிக்காவின் ஒகையோவில் பிறந்து ரொறன்ரோவுக்கு வந்தவன். நாலு வருடத்துக்கு ஒருமுறைதான் உதைபந்து பார்ப்பான். அதுவும் இடையில் எழும்பிப் போய்ச் சாப்பாடு சூடாக்குவான். மற்ற நாட்களில் அவனுக்கு பேஸ்போல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோற்ற அணியை உடுப்பு மாற்றுவதுபோல மாற்றுகிறவனும் ஒரு மனிசனா?

"உன்னுடைய அணி எது?" என்றான். என் ஊரின் பெயரைச் சொன்னேன். கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, "தகுதிச் சுற்றிலேயே தோற்றுவிட்டார்களா?" என்று பரிவோடு கேட்டான். எங்கள் ஊருக்கு ஒரு தபாற்கந்தோர்கூட இல்லை என்று நான் அவனுக்கு விளக்கவில்லை.

உண்மையைச் சொன்னால் எனக்கும் உதைபந்து பெரிதாகப் பிடிக்காது. யாழ்ப்பாணத்தில் பெடியனாகத் திரிந்த காலத்தில் மைதானத்துக்குப் போனதே அடிபாடு பார்க்கத்தான். பந்து எங்கே போனாலென்ன, ஊர் வெல்ல வேண்டும். அந்தக் கொதிப்பைக் கட்டிக்கொண்டு வந்து ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இறக்கினோம். இங்கேயும் கோடை வந்தால் ஊருக்கொரு கழகம், மோர்னிங்சைட் பக்கத்து மைதானத்தில் போட்டி. நான் போட்டிக் குழுவின் செயலாளர். ஒரு வருடம் அடுத்த ஊர்க்காரர், "தாய் எங்கடை ஊர்" என்று சொல்லி எங்கள் கோல்காப்பாளனைக் கொத்திக்கொண்டு போனார்கள். கொதித்துப்போய் நானே விதி எழுதினேன்: விளையாடுபவர் தகப்பனின் ஊருக்கே விளையாடலாம். கூட்டத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இந்த வருடம்தான் முதல்முறையாகப் பெண்பிள்ளைகளுக்கும் போட்டி. என் மகள் ஆரணிக்குப் பதினேழு வயது, பந்தென்றால் உயிர். அடுத்த கோடைக்குள் படிக்க வேறு நகரம் போய்விடுவாள். எங்கள் ஊருக்குப் பெண்கள் அணி இல்லை. ஏன் இல்லை? "பொம்பிளைப் பிள்ளையளை ஆர் விடப்போயினம்?" என்று கழகக் கூட்டத்தில் ஒருவர் சொன்னபோது, நானும் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்தேன். மனைவியின் ஊர் மட்டக்களப்புப் பக்கம். அவர்களுக்கு அணி இருந்தது, ஒரு ஆளும் குறைவாக இருந்தது.

அந்த அணிக்கு ஆரணியின் பெயரைக் கொடுக்கப் போனோம். குழுவின் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை எந்த ஊர்?"

"ஸ்காபரோ" என்றாள் ஆரணி.

"உது ஊரில்லைப் பிள்ளை. அப்பான்ரை ஊரைக் கேக்கிறன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கள் எழுதின விதிதானே அண்ணை. உங்கடை மகளுக்கு ஒண்டு, ஊரான் பிள்ளைக்கு ஒண்டெண்டு வைக்கேலுமே?"

"இஞ்சை பிறந்த பிள்ளையிட்டை உந்தக் கேள்வி கேக்க வெக்கமில்லையோ?" என்று மேசையில் அடித்தேன். அவர் விதிகள் இருந்த கோப்பைத் திருப்பி என் முன்னால் வைத்தார். விதிக்குக் கீழே என் கையெழுத்து.

காரில் ஆரணி, "அப்பா, ஐ ஜஸ்ற் வோன்ரட் ரு பிளே" என்றாள். அவளுக்கு விளையாடினால் போதும், வேறொன்றும் வேண்டாம். என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும்போல இருந்தது. பிரையன் அரைமனதோடு பார்க்கிறவன்தான், ஆனால் அவனால் ஒரு பிள்ளையும் வெளியே நிற்கவில்லை. முழுமனதோடு ஊர், ஊர் என்று கத்திய எங்களால்தான் நிற்கிறது.

போட்டியன்று தாயின் ஊர்ப் பிள்ளைகள் பத்துப் பேராக இறங்கினார்கள். ஆரணி பந்தடிக்கும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டுதான் வந்து கோட்டுக்கு வெளியே நின்றாள். எதிர்க்கரையில், செயலாளர் அட்டை கழுத்தில் தொங்க, நான். ஒருமுறை பந்து கோட்டைத் தாண்டி அவளிடம் உருண்டு போனது. காலால் நிறுத்தினாள். "ஆரணி, இஞ்சை அடி!" என்று உள்ளே ஒருத்தி கை காட்டினாள். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து, பந்தைக் கையால் எடுத்துக் கொடுத்தாள்.