மாற்றாமல் ஒரு ஜெபம்

வெர்னா ப்ரூயிட் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். மாசசூசெட்ஸின் மேற்கு மலைகளில், ஹார்லோ ஃபால்ஸ் என்ற ஊரில், பனியிலும் பனி உருகிய சேற்றிலும் ஓட்டினாள். காலையில் வண்டியைக் கிளப்புமுன் ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்து ஒரே ஒரு வரி சொல்வாள்.

“ஆண்டவரே, என்னை நம்பி ஏறுறவங்க எல்லாரையும் பத்திரமா இறக்கிவிட உதவி செய்யும்.”

அதற்கு ஆமென்கூடக் கிடையாது. கியர் விழும் சத்தம்தான் ஆமென்.

கணையத்தில் புற்று வந்து, குளிர்காலம் முடிவதற்குள் போய்விட்டாள். போகுமுன் மகள் நடீனிடம் ஒன்று கேட்டாள். “என் நினைவுக் கூட்டத்துல அந்த ஜெபத்தச் சொல்லணும். நம்ம சபையில, எல்லாருக்கும் கேக்குற மாதிரி. ஒரு வார்த்தையும் மாத்தக் கூடாது.”

கேட்டது ஒரு வரி. கேட்ட இடம் யூனிட்டேரியன் சபை. அங்கேதான் சிக்கல்.

வெர்னா பிறந்தது கண்டிப்பான பாப்டிஸ்ட் குடும்பத்தில். அவள் தம்பி லைல் இன்னொரு ஆணோடு வாழ்ந்தான் என்பதற்காக அந்தச் சபை உறுப்பினர் பட்டியலிலிருந்து அவன் பெயரை வெட்டியது. அவன் செத்தபோது அடக்கம் செய்யவும் மறுத்தது. யூனிட்டேரியன்கள் கேள்வி கேட்காமல் கதவைத் திறந்தார்கள். லைலின் துணைவன் முதல் வரிசையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். யாரும் முகம் சுளிக்கவில்லை. அடுத்த ஞாயிறே வெர்னா அங்கே உறுப்பினரானாள். சாகும்வரை அங்கேதான் இருந்தாள்.

அந்தச் சபையில் இதைத்தான் நம்பவேண்டும் என்று எதுவும் கிடையாது. நாத்திகர், புத்தரை வணங்குபவர், மரத்தை வணங்குபவர் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்காரலாம். ‘நீங்கள் யாராக இருந்தாலும், எதை நம்பினாலும், வருக’ என்று வாசலில் பலகை உண்டு. அவர்கள் நல்லவர்கள். அதில் நடீனுக்குச் சந்தேகம் கிடையாது. அம்மாவை மாற்றி மாற்றி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனவர்கள் அவர்கள்தான். ஃப்ரீசர் மூட முடியாத அளவுக்குச் சாப்பாடு செய்து கொண்டுவந்து அடுக்கியவர்களும் அவர்கள்தான். ‘ஆண்டவர்’ என்ற அந்த ஒரு சொல்லைத் தவிர எல்லாவற்றையும் அவளுக்குக் கொடுத்தார்கள்.

பாட்டுப் புத்தகத்தில் பழைய பாட்டுகளெல்லாம் இருந்தன. ஆண்டவர் இருந்த இடங்களில் மட்டும் ‘அன்பு’, ‘ஒளி’ என்று அச்சடித்திருந்தார்கள். வெர்னாவுக்குப் பழைய சொற்கள் மனப்பாடம். அவள் அதையே பாடுவாள், பேருந்தின் கடைசி இருக்கைக்குக் கேட்கும் குரலில். பக்கத்தில் எப்போதும் உட்காரும் கோரின், சரியாக அந்த இடம் வரும்போது குனிந்து இருமுவாள்.

ஒருமுறை, நம்பிக்கை உள்ளவர்களையும் அரவணைக்க வேண்டுமே என்று ஒரு மாலைக் கூட்டம் போட்டார்கள். ‘நம்மிடையே உள்ள நம்பிக்கையாளர்கள்’ என்று தலைப்பு. கடவுளை நம்புபவர் என்று மேடையில் உட்கார வெர்னா ஒருத்திதான் கிடைத்தாள். மிருகக்காட்சிசாலையில் புதிதாக வந்த விலங்கைப் பார்ப்பதுபோல எல்லோரும் அன்போடு பார்த்தார்கள். ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர் எல்வுட், அவள் கடவுள் என்று சொல்வது அன்பைத்தானே என்று கேட்டார்.

“இல்ல எல்வுட். அன்பைச் சொல்லணும்னா அன்புன்னே சொல்லிருவேன்.”

“அப்போ மேகத்து மேல உக்காந்திருக்காரே, அந்தத் தாடிக்காரரா?”

கூட்டம் சிரித்தது. வெர்னாவும் சிரித்தாள். “தாடி இருக்கான்னு நான் பாத்ததில்ல. பனியில பிரேக் பிடிக்காதப்போ யாரைக் கூப்பிடுறேனோ, அவர்தான்.”

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமலே அடுப்படியில் நின்றாள். அப்போது நடீன் கல்லூரி விடுமுறையில் வந்திருந்தாள். இவ்வளவு பட்டும் ஏன் அங்கே போகிறாய் என்று எரிச்சலாகக் கேட்டாள்.

“அவங்கதான்டி என் தம்பிய உள்ள விட்டாங்க. வேற எங்க போவேன்?” கோட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: “என்ன, அந்த இடத்துல நான் ஒருத்திதான். அதான் கொஞ்சம் களைப்பா இருக்கு.”

நடீன் பாலங்களைச் சோதிக்கும் பொறியாளர். அவளுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. காங்கிரீட்டைச் சுத்தியலால் தட்டினால் நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிளந்துபோன இடம் பொத்தென்று கேட்கும். மேலே பூசிய வர்ணத்தைப் பார்த்து எதையும் நம்பக்கூடாது என்பது அவள் தொழில். ஜெபத்தை எடுத்துக்கொண்டு போதகர் மெரிடித்திடம் போனாள்.

மெரிடித் தேநீர் கொடுத்தாள், கையைப் பிடித்துக்கொண்டாள். வெர்னாவைப் பற்றிப் பேசும்போது அவள் கண்கள் உண்மையாகவே கலங்கின. பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

“இங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் சின்ன வயசுல ஏதோ ஒரு சபையில அடிபட்டு வந்தவங்க, நடீன். அந்தச் சொல்லைக் கேட்டாலே அவங்களுக்குப் பழசெல்லாம் திரும்பிரும்.”

“என் அம்மாவும் அடிபட்டு வந்தவதான். அவ அந்தச் சொல்லையும் கையில பிடிச்சுக்கிட்டு வந்தா.”

மெரிடித் தேநீர்க் கோப்பையைத் தள்ளிவைத்தாள். கடைசியில் தலையாட்டினாள். வைத்துக்கொள்ளலாம், கண்டிப்பாக வைத்துக்கொள்ளலாம் என்றாள். நடீன் நம்பினாள். தட்டிப் பார்க்கவில்லை.

நினைவுக் கூட்டத்துக்கு ஊரே வந்திருந்தது. வெர்னாவின் பேருந்தில் போன பிள்ளைகள் இப்போது தங்கள் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். வாசலில் நிகழ்ச்சித் தாள் கொடுத்தார்கள். நடீன் பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தாள். ‘வெர்னாவின் ஜெபத்தைத் தழுவி’ என்று போட்டு, கீழே அச்சடித்திருந்தது: ‘வாழ்வின் ஆற்றலே, பயணிக்கும் நாம் அனைவரும் ஒருவரையொருவர் பத்திரமாகக் கரைசேர்ப்போமாக.’

யாரையும் கூப்பிடவில்லை. யாரிடமும் உதவி கேட்கவில்லை. அவரவரே பார்த்துக்கொள்வார்களாம். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பதுதான் நடீனுக்குத் தாங்கவில்லை. யார் மனமும் நோகக்கூடாது என்று ஒரு குழு உட்கார்ந்து, வெர்னாவுக்கு மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டே, வெர்னாவை எடுத்துவிட்டது. மெரிடித் அந்த வரியை அழகாகத்தான் வாசித்தாள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. யார் வேண்டுமானாலும் முன்னால் வந்து, மெழுகுவர்த்தி ஏற்றி, மனதில் உள்ள சந்தோஷத்தையோ துக்கத்தையோ சொல்லலாம். அதில் யாரும் கைவைக்க முடியாது. அந்த நேரம் வந்ததும் நடீன் எழுந்தாள். தீக்குச்சி முதல் தடவை பற்றவில்லை.

“இது எங்கம்மா காலையில வண்டியில சொல்றது. தாள்ல இருக்கிறது அவ சொன்னதில்ல. எனக்கு இதுல நம்பிக்கை கிடையாது. அவளுக்கு இருந்துச்சு.” சுடரைப் பார்த்துச் சொன்னாள்: “ஆண்டவரே, என்னை நம்பி ஏறுறவங்க எல்லாரையும் பத்திரமா இறக்கிவிட உதவி செய்யும்.”

கூரை இடிந்து விழவில்லை. யாரும் எழுந்து போகவில்லை. எல்வுட் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோரின் இருமவில்லை.

பிறகு கீழ்த்தளத்தில் காப்பி. ஒரு பெரியவர் நடீனைச் சர்க்கரைக் கிண்ணத்தருகே ஒதுக்கி, தானும் ஜெபிப்பதுண்டு என்று மெல்லிய குரலில் சொன்னார், மனைவிக்குத் தெரியாது என்று. கோட்டு மாட்டும் இடத்தில் ஒரு நடுவயதுக்காரி தோளைத் தொட்டு, வெர்னா சொன்னதுபோல ஒரு ஜெபம் தனக்கும் உண்டு, இங்கே சொல்லிக்கொள்வதில்லை என்றாள். பாத்திரம் கழுவும் இடத்தில் இன்னொருவர். ஒவ்வொருவரும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்கள். திருடியதை ஒப்புக்கொள்வதுபோல.

கடைசியில் கோரின் வந்தாள். கண் சிவந்திருந்தது.

“அவ பழைய சொல்லைப் பாடுறப்போ நானும் அதையேதான் பாடுவேன். மெதுவா. யாருக்கும் கேக்கக் கூடாதேன்னு இருமிருவேன்.”

நடீன் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். “அம்மாகிட்ட சொன்னீங்களா?”

“சொல்லணும்னுதான் இருந்தேன்.”

“பக்கத்துலயேதானே உக்காந்திருந்தீங்க.”

கோரினை விலக்கிக்கொண்டு மெரிடித் வந்தாள், முகமெல்லாம் உருக்கம். நடீன் பேசியது தன்னை உலுக்கிவிட்டது, இதைப் பற்றி ஒரு கூட்டம் வைக்கலாம், நடீன் மேடையில் உட்கார்ந்து பேசவேண்டும் என்றாள்.

“அந்தக் கூட்டத்துல அம்மா ஏற்கெனவே உக்காந்துட்டா,” என்றாள் நடீன். கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

காரில் ஏறி, கிளப்பாமல் இருந்தாள். கண்ணாடியில் பனி படிந்திருந்தது. அம்மாவிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: அங்கே நீ ஒருத்தி மட்டும் இல்லை, உன்னைச் சுற்றி இருந்தார்கள், பக்கத்து இருக்கையிலேயே இருந்தார்கள். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க நடீனுக்கு வழி தெரியவில்லை. வெர்னாவாக இருந்தால் ஸ்டியரிங்கில் கைவைத்து, ‘நீர் சொல்லிவிடும்’ என்று ஒருவரிடம் கேட்டிருப்பாள்.

நடீனுக்குக் கேட்க ஆள் இல்லை. கியரைப் போட்டாள்.