தட்டிப் பார்க்காத கதவு

என் மனைவியின் இடது கண்ணில் கறுப்புத் திரை ஒன்று ஓரத்திலிருந்து நகர்ந்து வந்துகொண்டிருந்தது. விழித்திரை பிரிந்திருக்கிறது, இந்த வாரத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் கண் போய்விடும் என்று பாண்டிச்சேரி டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் செலவுக்கு விற்க என்னிடம் இருந்தது ஒரே ஒரு பொருள்தான். வாசலில் நின்ற சிவப்பு டர்போ கார்.

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவனுக்கு டர்போ கார் எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. ஆசைதான், வேறென்ன. இரண்டு வருடங்களுக்கு முன் வேப்பூரில் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பக்கத்திலேயே அதன் சாதா மாடலும் நின்றது, விலையும் குறைவு. அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு எஞ்சினுக்கு வேகம் கூட்ட ரீமேப், அகலமான அலாய் வீல், உறுமுகிற சைலன்சர், தாழ்வான ஸ்பிரிங். வீலுக்கு அவள் தன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். விற்கும்போது போட்டதெல்லாம் திரும்பி வரும் என்று அவளிடம் கூசாமல் சொன்னேன்.

ஒன்றும் வரவில்லை. மூன்று நாளாக வந்தவர்கள் எல்லாரும் உதட்டைப் பிதுக்கினார்கள். ஸ்பிரிங் தாழ்வு, வேகத்தடையில் அடிவாங்கும். ரீமேப் செய்த எஞ்சினை நம்ப முடியாது. பழைய சைலன்சர் இருக்கிறதா? இல்லை, எடைக்குப் போட்டுவிட்டேன். சாதா மாடல் என்றால் நின்ற இடத்திலேயே அட்வான்ஸ் கொடுத்திருப்பார்களாம். நான் வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன்.

வெள்ளிக்கிழமை காலை வந்தவர் எங்கள் ஊரிலேயே பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்கிற கம்பெனி வைத்திருப்பவர். நான் வேகத்தைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன். அவர் அதைக் காதில் வாங்காமல் காரைச் சுற்றி வந்து, விரல் முட்டியால் கதவுகளைத் தட்டினார்.

எங்கள் தொழிலில் சூளையிலிருந்து இறக்கும் ஒவ்வொரு சாமானையும் இப்படித்தான் தட்டிப் பார்ப்போம். கணீரென்றால் நல்லது, மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல். முன்கதவில் தகரச் சத்தம் கேட்டது. பின்கதவு மந்தமாக டொக்கென்றது.

“பட்டி வெச்சு மறைச்சிருக்காங்க. எங்கியோ நல்லா அடி வாங்குன வண்டிங்க இது. சாதா மாடலு விலையில பாதி தரேன், யோசிச்சு சொல்லுங்க” என்றார்.

ஒரு நாளைக்கு ஆயிரம் சாமானைத் தட்டுகிற கை இது. எஞ்சின் சத்தத்தில் மயங்கி ஒரு கதவைத் தட்டாமல் விட்டிருக்கிறேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வேறொருவர் வருவதாக இருந்தார். அவர் எங்கள் தொழில்காரர் இல்லை, தட்டிப் பார்க்கமாட்டார். ஆனால் அதுவரை கண் தாங்குமா?

என் மனைவி வாசலுக்கு வந்தாள்.

“குடுத்துருங்க. இன்னொருத்தர் தலையில கட்ட வேணாம்.”

கொடுத்துவிட்டேன். வந்த பணம் ஆபரேஷனுக்கு மட்டும் போதும். மத்தியானமே பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறினோம். ஒரு தட்டு தட்டியிருந்தால் தப்பித்திருப்பேனே என்று வழியெல்லாம் புலம்பினேன். அவளும் எங்கள் கம்பெனியில் சாமான் தட்டித் தரம் பிரிப்பவள்தான். என் பக்கம் திரும்பிச் சொன்னாள்:

“வூட்டுக்கு ஓட்டிட்டு வந்த அன்னைக்கே நான் தட்டிப் பாத்தேங்க. உங்க மூஞ்சியில அவ்ளோ சந்தோஷம். சொல்ல வாய் வரல.”

வீலுக்குச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தது அதற்கு ஒரு மாதம் கழித்து.