மூடி வைத்த வெட்டு

இருபத்தெட்டு வருடத்தில் நாற்பதாயிரம் பல்லாவது செய்திருப்பாள். பல் மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். மெழுகில் செதுக்கி, வார்த்து, மெருகேற்றிக் கொடுப்பது அவள் வேலை. பட்டறையில் எல்லோருக்கும் அவள் பல்லக்கா. மயிரிழை பிசகாத கை. அந்தக் கைதான் ஒரு செடியிடம் பிசகியது.

செடி அண்ணியுடையது. சேம்பு வகையில் அபூர்வமான கொடி. இலை முறம் போல அகலம். பாதி பச்சை, பாதி சுண்ணாம்பு வெள்ளை. வெள்ளைப் பாதி வேலை செய்யாது, உட்கார்ந்து சாப்பிடும். அதனால் வருடத்துக்கு மூன்று இலை விட்டாலே பெரிய சமாச்சாரம். ஆறு வருடமாக ஈரத்துணியால் இலை துடைத்துத் துடைத்து வளர்த்தார் அண்ணி. பல்லக்கா இரண்டு முறை ஒரு துண்டு கேட்டாள். இரண்டு முறையும், "இன்னும் ரெண்டு இலை வரட்டும்மா" என்றார்.

மகளின் பிரசவத்துக்காக அண்ணனும் அண்ணியும் வெளியூர் போனபோது சாவி பல்லக்காவிடம் வந்தது. "மூணு நாளைக்கு ஒரு தடவை தண்ணி ஊத்து. உன்னைத் தவிர யாரையும் நம்ப மாட்டேன்."

பத்தாம் நாள் பார்த்தாள்: பக்கக் கிளை ஒன்றில் முளை புடைத்திருந்தது, விரல் நீளத்துக்கு வேர் தொங்கியது. பையில் பட்டறைக் கத்தி. ஒரே இழுப்பு; துண்டு பைக்குள் போயிற்று.

வெட்டின இடத்தை இரண்டு நாள் காற்றாட விட்டால் காய்ந்து தோல் கட்டிவிடும். அவளுக்கு அது தெரியாததல்ல. ஆனால் வெட்டு, பார்க்கிறவர் கண்ணைக் குத்துவது போல் வெளேரென்று இருந்தது. ஆளில்லாத வீட்டில் யாருக்குப் பயந்தாளோ, ஈரத் தென்னை நாரை அப்பி அதை மூடினாள். அண்ணி திரும்புவதற்குள் தண்டு அடிவரை வேகவைத்த மாதிரி கொழகொழத்து, நாற்றமே எடுத்துவிட்டது.

"நாப்பதாயிரம் பல்லைக் கட்டி மேய்ச்சவளுக்கு ஒரு செடியைப் பார்த்துக்க முடியலையா?" என்றார் அண்ணன்.

"சும்மா இருங்க. அவ என்ன பண்ணுவா? மழை நேரத்துல வாரம் ஒரு தடவை போதும்னு நான்தான் சொல்லியிருக்கணும். என் தப்பு." அண்ணி காலித் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்தார். "எனக்குக் கைராசி இல்லம்மா. இனிமே செடியே வேண்டாம்."

திட்டியிருந்தால் பல்லக்கா தாங்கியிருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து, "விடுங்க அண்ணி, வேற செடி வாங்கிக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

பட்டறையிலோ, அச்சு வார்க்கும் பழைய கோப்பையில் அந்தத் துண்டு ஜாம் ஜாமென்று வேர்விட்டு, புது இலையைச் சுருள் பிரித்தது. பாதி வெள்ளை.

"இலை வந்ததுக்கு ஏன் பல்லக்கா இழவு வீட்டு மூஞ்சி?" என்றார் பக்கத்து மேஜைக்காரர். அன்று அவள் கையில் மூன்று பல் கோணலாகி, திரும்பவும் செய்ய வேண்டியதாயிற்று.

மறுநாள் அண்ணி போன் செய்தார். "தொட்டி, தெளிப்பான் எல்லாத்தையும் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துடறேன். கண்ணுல பட்டா மனசு கேக்கலை."

"குடுக்காதீங்க அண்ணி. ஒரு தடவை பட்டறைக்கு வாங்க."

வந்தார். கோப்பையைப் பார்த்ததும் கையிலிருந்த குடையை மேஜைமேல் வைத்தார். குனிந்து, தண்டின் அடியை விரலால் தடவினார்.

"எப்போ வெட்டினே?"

"பத்தாம் நாள்."

"அப்புறம்?"

"வெட்டு தெரியக் கூடாதுன்னு நாரால மூடினேன், அண்ணி."

"அதான் அழுகிடுச்சு." அண்ணியின் குரல் உயரவில்லை. "நான் தண்ணிக் கணக்குப் போட்டுப் போட்டு அழுதுட்டிருந்தேன். நீ பக்கத்துல உக்காந்து ஆறுதல் சொன்னே."

"எடுத்துட்டுப் போயிடுங்க. உங்களுதுதான்."

"இப்போ இடம் மாத்தினா இந்த ஒரு இலையும் போயிடும். உன்மேல இருக்கிற கோவத்துக்கு அது என்ன பண்ணும்?"

சனிக்கிழமைதோறும் நாலு மணிக்குத் தானே வந்து தண்ணீர் ஊற்றப் போவதாகவும், மற்ற நாளில் யாரும் தொடக் கூடாதென்றும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அதைப் பல்லக்காவிடம் சொல்லவில்லை; பக்கத்து மேஜைக்காரரிடம் சொன்னார்.