லீகல் ஸ்டடீஸ் வேறு, வக்கீல் படிப்பு வேறு

இன்று காரிமங்கலத்தில் பேருந்தில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்மணி, மகளுக்குக் கருப்புக் கோட்டுத் துணி வாங்கத் தருமபுரி போவதாகச் சொன்னார்.

"முக்கா ஏக்கரா வித்து பி.ஏ. லீகல் ஸ்டடீஸ் சேத்திருக்கோமுங்க. பங்காளி கேசுல இனி எம்பொண்ணே வாதாடுவா."

"அந்தப் பட்டத்த வெச்சு வக்கீலாக முடியாதும்மா. கோர்ட்டுல சாட்சி வேணும்னா சொல்லலாம்," என்றேன்.

"சட்டப் படிப்புன்னு தானுங்களே சொன்னாங்க?"

"சட்டத்தப் பத்திய படிப்புன்னு சொல்லியிருப்பாங்க. இத முடிச்சிட்டு இன்னும் மூணு வருசம் எல்.எல்.பி. படிக்கணும். விக்க நெலம் மிச்சமிருக்கா?"

"கேசுல இருக்கறது தானுங்க மிச்சம்."

பேருந்து நிலையம் வந்தும் அவர் எழவில்லை. அவரைத் தாண்டித்தான் இறங்கினேன்.

நான் சொன்னதில் தவறிருந்தால் காட்டுங்கள். பின்னூட்டத்தில் இரக்கம் பற்றி எழுதுவோர் எழுத்துப்பிழையின்றி எழுதவும்.