திருவொற்றியூர் ஸ்டேஷனில் கைமாறிய சாவி

புது ஸ்டேஷன் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே போனால் எனக்கு அந்த மேடுபள்ளமான பழைய பிளாட்பாரம்தான் ஞாபகம் வருகிறது.

எண்ணூரில் காலை ஷிப்ட் முடித்து நான் அங்கே இறங்குவேன். ராயபுரத்தில் சாயங்கால வேலைக்குப் போகும் என் மனைவி அதே ரயிலில் ஏறுவாள். வீட்டுக்கு ஒரே சாவி. ரயில் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் அதை என் கையில் திணித்து, "கொழம்ப சுட வச்சி துன்னு" என்பாள். மற்ற நேரமெல்லாம் ஒருவர் விழித்திருந்தால் இன்னொருவர் தூக்கம்.

இன்னொரு சாவி செய்ய எனக்குப் பயம். செய்கிறவன் தனக்கும் ஒன்று வைத்துக்கொண்டால் என்ன ஆவது?

ஸ்டேஷனைப் புதுப்பிக்கப் பழைய கூரையைப் பிரித்து, பிளாட்பாரத்தில் பாதியைத் தகரம் வைத்து அடைத்தார்கள். நெரிசலில் அவளைத் தவறவிட்டால் தெருவில்தான் நிற்க வேண்டும் என்று எனக்குத் தூக்கமே போனது. கடைசியில் பயந்துகொண்டே சாவி செய்தேன். இனி முந்தின ரயிலிலேயே போய்விடு என்று அவளிடம் சொல்லியும்விட்டேன்.

மறுநாள் இறங்கினால், தகரத்தின் ஓரம் அவள்.

"சாவிதான் கீதே, இன்னாத்துக்கு நின்னுகினு கீற?"

"யோவ், நீ எறங்கினியா, தூங்கிகினே பீச் ஸ்டேஷன் வரைக்கும் போய்ட்டியான்னு யாரு பாக்கறது?"

சொல்லிவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.